ஒன்பது மாதம் என் வெப்சைட்டை நான் கம்ப்யூட்டரில் மட்டுமே பார்த்தேன்

அளவு வாங்கி அதற்கேற்பத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது என் தொழில். தையலுக்கு இரண்டு பேர், மற்ற எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. பல வருடம் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவது என்றே வேலை ஓடியது. பிறகு ஆர்டர் எடுக்க வெப்சைட் வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு நிறுவனத்திடம் பணத்தைக் கொடுத்தேன். என் இரண்டு மாத வருமானம் அது. அப்போது பெரிய தொகையாகத் தெரிந்தது. அடுத்த ஒன்பது மாதத்தில் இழந்ததை எண்ணிப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. யாராவது ஒருவர் முன்னாலேயே "போனில் திறந்து பாரு" என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வேலை முடிந்து ஒப்படைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சுவரில் பாதியை அடைத்தபடி ஒரு பெரிய திரை. அதில் என் துணிகள் வரிசையாக விரிந்தன. மவுஸை ஒரு துணியின் மேல் கொண்டுபோனால் நெசவு பெரிதாகத் தெரியும், பக்கத்தில் ஒரு கட்டத்தில் விலை வரும். நான் கேட்ட ஒரே கேள்வி, "படங்களின் தரம் குறையாதே?" என்பதுதான். "கேமராவில் எடுத்தது அப்படியே இருக்கும் மேடம்" என்றார்கள். சந்தோஷமாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து பின்னால் என் காலைச் சுற்றிய கதையை அப்புறம் சொல்கிறேன்.

முதல் நான்கு மாதம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஆர்டர்தான் வரவில்லை. மாதத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். சரி, இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும் போல என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் கொடுத்தேன். பார்வையாளர் எண்ணிக்கை மூன்று மடங்கானது, ஆர்டர் அதே நாலைந்து. விலை அதிகமோ என்ற பயம் வந்தது. பதினைந்து சதவீதம் குறைத்தேன். இன்று யோசித்தால் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான். புதிதாக யாரும் வரவில்லை. எப்போதும் போல நேரில் வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் குறைந்த விலையில் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் திரும்ப விலையை ஏற்ற எனக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குள் துணிகளை மறுபடியும் படம் எடுத்தேன், முகப்பு வாசகத்தை மாற்றினேன், ராத்திரி தூக்கம் வராமல் என் துணிகளே யாருக்கும் பிடிக்கவில்லையோ என்று புழுங்கினேன்.

ஒரு நாள் மதியம் ஒரு வயதான அம்மா போன் செய்தார். "ஏம்மா, துணி பிடிச்சிருக்கு. விலை எங்கே போட்டிருக்கு?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி, "வலப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம் வரும் பாருங்கம்மா" என்றேன். "வலப்பக்கம் ஒண்ணுமே இல்லையே" என்றார். கால் மணி நேரம் இப்படியே போனது. நான் வலது என்கிறேன், அவர் இல்லை என்கிறார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்துவிட்டது. கடைசியில், "எதில் பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். "எதிலன்னா? போன்லதான். வேற எதுல பார்ப்பாங்க?" என்றவர், "நீயே ஒரு தடவை போன்ல பார்த்துட்டுச் சொல்லும்மா" என்று வைத்துவிட்டார்.

ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னாலும் நான் ஒருமுறை போனில் பார்த்திருக்கிறேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மூடிவிட்டேன். என் கடை என்பதால் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் சிரமம் உறைக்கவில்லை. அந்த அம்மா சொன்ன பிறகுதான் ஒரு அந்நியர் மாதிரி, ஒரு ஜன்னலுக்கு ஆர்டர் போட்டே தீருவது என்று உட்கார்ந்தேன். இருபது நிமிடம் போராடினேன். போட முடியவில்லை.

அன்று ராத்திரி, வெப்சைட்டுக்கு வருகிறவர்களின் கணக்கைக் காட்டும் அனலிட்டிக்ஸில், எந்தச் சாதனத்திலிருந்து வருகிறார்கள் என்று காட்டும் பக்கத்தை முதன்முறையாகத் திறந்தேன். முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. நூறு பேரில் எழுபத்தெட்டுப் பேர் போனிலிருந்து. நூறு ஆர்டரில் போனிலிருந்து வந்தது ஒன்பது. சமூக ஊடக விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே போன்காரர்கள். அதாவது, கதவு திறக்காத கடைக்குக் காசு கொடுத்து ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறேன். என் தொழிலுக்கு மட்டுமான விசித்திரம் இல்லை இது. உலக அளவில் போன், டேப்லெட் வழியாக இணையம் பார்ப்பது கம்ப்யூட்டரை முந்தியது 2016 அக்டோபரிலேயே என்று இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. நீங்கள் வெப்சைட் வைத்திருந்தால் விலையில் கை வைப்பதற்கு முன், விளம்பரத்தை ஏற்றுவதற்கு முன், அந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள். வருகையில் போனின் பங்கு எவ்வளவு, வாங்குவதில் எவ்வளவு. போனில் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வாங்குகிறவர்களும் உண்டு, அதனால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் எழுபத்தெட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் இல்லை, பள்ளம்.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "நீங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டீர்களே" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வெப்சைட் என்று இருந்தது, போன் என்ற சொல்லே இல்லை. மறுபடி பணம் கொடுத்தால், எம் (m) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் தனி முகவரியில் போனுக்கென்று சின்ன வெப்சைட் ஒன்று செய்து தருவதாகச் சொன்னார்கள். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஒத்துக்கொண்டேன். இரண்டாவது அடி அங்கேதான்.

இரண்டு வெப்சைட் என்றால் எல்லாமே இரண்டு. ஒரு துணியின் விலையை ஏற்றினேன், ஒன்றில் மாற்றி இன்னொன்றில் மறந்தேன். பழைய விலைக்கு ஆறு ஜன்னலுக்கு ஆர்டர் வந்தது. வாயைத் திறக்காமல் தைத்துக் கொடுத்தேன். போனிலிருந்து ஒருவர் அனுப்பும் லிங்க் கம்ப்யூட்டரில் திறந்தால் நடுவில் ஒரு ஒல்லியான கோடு மாதிரி பக்கம் நிற்கும். இதெல்லாம் சின்னத் தொல்லை. இரண்டு மாதத்தில் கூகுள் தேடலிலிருந்து வருகிறவர்கள் மளமளவென்று குறைந்ததுதான் பெரிய இடி. கம்ப்யூட்டர் பக்கத்தில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே என்று குழம்பினேன். விஷயம் இதுதான்: ஒரு வெப்சைட்டுக்குப் போன் வடிவம் இருந்தால், கூகுள் தன் தேடல் பட்டியலுக்கு அதைத்தான் படிக்கிறது. 2016 நவம்பரில் இதை அறிவித்து, 2018 மார்ச்சிலிருந்து படிப்படியாக மாற்றி, 2023 அக்டோபரில் மாற்றம் முடிந்ததாகச் சொல்லிவிட்டார்கள். என் சின்ன வெப்சைட்டில் இடம் போதாது என்று துவைக்கும் முறை, துணியின் கனம், எந்த அறைக்கு எது பொருந்தும் என்ற குறிப்புகளையெல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். மக்கள் தேடி வந்ததே அந்தக் குறிப்புகளைத்தான். போன் வடிவத்தில் இல்லாததால் கூகுளைப் பொறுத்தவரை அவை எங்குமே இல்லை. போனுக்காகச் சுருக்குகிறேன் என்று யாராவது சொன்னால், வடிவத்தைச் சுருக்குகிறார்களா, விஷயத்தையே வெட்டுகிறார்களா என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகுதான் தனியாக வேலை செய்யும் ஒரு டெவலப்பர் கிடைத்தார். என் பழைய வெப்சைட்டின் மூலநிரலைத் திறந்து இரண்டே நிமிடத்தில், "அக்கா, இதில் ஒரு வரி இல்லை" என்றார். திரையின் அகலம் எவ்வளவோ அதற்கேற்பப் பக்கத்தை வரை என்று போனுக்குச் சொல்லும் வியூபோர்ட் வரி. அது இல்லையென்றால் போன், பக்கத்தைக் கம்ப்யூட்டருக்கானது என்று எடுத்துக்கொண்டு 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பிறகு மொத்தத்தையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பானது அதனால்தான். ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் முடிந்ததா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லை. அந்த வரியோடு, அகலத்துக்கேற்ப வரிசைகள் மடிந்து கீழே இறங்கும்படி பக்கத்தையே மாற்றி எழுத வேண்டும். ரெஸ்பான்சிவ் டிசைன் என்ற இந்த முறைக்கு அந்தப் பெயரை ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் வைத்தது 2010இல். நான் பணம் கொடுத்து வாங்கியது அதற்கும் முந்தைய பாணி என்று தெரிந்தபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முக்கால்வாசி என் மேலேயே.

அடுத்த ஏழு வாரம் நான் கற்றுக்கொண்டதில் மிகப் பெரிய பங்கு, ஆர்டர் படிவத்தைப் பற்றியது. போனில் வெப்சைட் அழகாகத் தெரிவது ஒன்று, போனில் வாங்க முடிவது வேறு. அகலம், உயரம் என்று இரண்டு எண் கேட்கிறேன். அந்தப் பெட்டியைத் தொட்டால் எழுத்துக் கீபோர்டு எழுந்து பாதித் திரையை மூடும். எண்ணைத் தேடி இன்னொரு பட்டனைத் தொட வேண்டும். எட்டு ஜன்னல் என்றால் பதினாறு முறை. எண் கீபோர்டை நேரே வரவழைக்க டெவலப்பர் மாற்றியது பெட்டிக்கு ஒரு சொல். ஐபோனில் இன்னொரு வேடிக்கை: பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் தொட்டவுடன் பக்கம் தானாகவே பெரிதாகி ஒரு பக்கம் நகர்ந்துவிடும், அப்புறம் மற்ற பெட்டிகள் எங்கே என்று தேட வேண்டும். அளவில் தவறு இருந்தால் சிவப்பில் எச்சரிக்கை வரும், ஆனால் அது பக்கத்தின் உச்சியில் வரும். வாடிக்கையாளரோ அடியில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே திரையில் தெரியும். போனில் அவர் கண்ணுக்குப் பட்டன் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். எச்சரிக்கையை அந்தந்தப் பெட்டிக்குக் கீழேயே வரவைத்தோம்.

என்னை நிஜமாகவே உலுக்கியது வேறொன்று. ஜன்னல் அளவை யாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. போனிலேயே எங்கோ குறித்து வைத்திருப்பார்கள். அளவை எடுக்க அந்தப் பக்கம் போய்த் திரும்பினால், நினைவகம் குறைவான போன்களில் பிரவுசர் பக்கத்தைப் புதிதாக ஏற்றும். நிரப்பியதெல்லாம் காலி. ஆறு ஜன்னலுக்கு அளவு போட்டவர் ஏழாவதைப் பார்க்கப் போய் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். யார் தொடங்குவார்கள்? நானே தொடங்க மாட்டேன். எத்தனை பெரிய ஆர்டர்கள் இப்படிப் போயிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒவ்வொரு எண்ணையும் போட்டவுடனே அந்தப் போனிலேயே சேமிக்கும்படி செய்தோம், திரும்பி வந்தால் அப்படியே இருக்கும். படிவம் வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: பாதி நிரப்புங்கள், வேறு நாலு செயலிகளைத் திறந்து மூடுங்கள், திரும்பி வாருங்கள்.

படங்களுக்கு வருகிறேன், அதாவது என் சொந்தத் தவறுக்கு. கேமராவில் எடுத்தது அப்படியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தானே. ஒரு படம் நாலைந்து எம்பி, பக்கத்தில் இருபது படம். அலுவலக இணைப்பில் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது, மொபைல் டேட்டாவில் ஒவ்வொன்றாகச் சொட்டியது. பக்கம் திறக்க மூன்று வினாடிக்கு மேல் ஆனால் போனில் வருகிறவர்களில் 53 சதவீதம் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கூகுள் 2016இல் சொன்னது. அவர்கள் பொறுமையற்றவர்கள் என்று நினைக்காதீர்கள், அந்த டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர்களும் அவர்கள்தான். ஒவ்வொரு படத்தையும் மூன்று அளவில் வைத்து, திரைக்கு ஏற்றதை மட்டும் அனுப்பும்படி டெவலப்பர் செய்தார். படக் கோப்பின் எடையைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினார். கீழே இருப்பவை, அங்கே உருட்டிப் போகும்போது மட்டும் ஏறும். மொத்த எடை இருபதில் ஒன்றாகக் குறைந்தது. துணியின் நெசவு அப்படியே தெரிகிறது, எனக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தின் அகல உயரத்தை முன்கூட்டியே குறித்துவைத்ததால், படம் ஏற ஏறப் பக்கம் குதித்து, நாம் தொடப்போன பட்டன் நழுவிப் போவதும் நின்றது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். மவுஸை மேலே கொண்டுபோனால் வரும் விலைக் கட்டம், விரலுக்கு வராது. விரலுக்கு மேலே நிறுத்துவது என்ற ஒன்றே கிடையாது, தொடுவது மட்டும்தான். விலையை வெளியில் எழுதிவைத்தோம். பட்டன்கள் விரல் அளவுக்கு வேண்டும்: ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது, என்னுடையவை அதில் பாதிகூட இல்லை. என் போன் நம்பர் ஒரு படத்துக்குள் இருந்தது, கையில் போனை வைத்துக்கொண்டு பார்க்கிறவர் அதைத் தாளில் எழுதித்தான் கூப்பிட வேண்டும்! தள்ளுபடி அறிவிப்பு ஒன்று முழுத் திரையையும் மூடும், அதை மூடும் குறி திரைக்கு வெளியே. இப்படி மறைக்கும் பாப்-அப்களைக் கூகுளும் 2017 ஜனவரியிலிருந்து தேடலில் பின்னுக்குத் தள்ளுகிறது. தூக்கி எறிந்தோம்.

சோதிப்பது எப்படி என்று தேடியபோது, பல கட்டுரைகள் கூகுளின் மொபைல் சோதனைக் கருவியைக் காட்டின. அது 2023 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவி இருக்கிறது, வேகத்தைச் சோதிக்க நல்லது. கம்ப்யூட்டர் பிரவுசரில் போன் அளவுக்குத் திரையைச் சுருக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு, டெவலப்பருக்கு உதவும். ஆனால் அந்த இரண்டிலும் என் படிவத்தின் கோளாறு ஒன்றுகூடத் தெரியவில்லை. அதற்கு உண்மையான போன் வேண்டும். நான்கு வருடப் பழைய, விலை குறைவான போன் ஒன்றை வாங்கினேன். வைஃபையை அணைத்துவிட்டு, வெயிலில் நின்று, ஒரு கையால் ஆர்டர் போட்டுப் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை இது நடக்கும். அந்த அம்மாவையும் கூப்பிட்டு, ஒருமுறை என் முன்னால் ஆர்டர் போடச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கடினம். அவர் தடுமாறிய மூன்று இடங்களும் எந்தக் கருவியும் சொல்லாதவை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் வெப்சைட்டுக்கு இரண்டு மாத வருமானம், வீண் விளம்பரத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம், போனுக்கான சின்ன வெப்சைட்டுக்கு அரை மாதம், திரும்ப எழுதியதற்கு ஒன்றேகால். விலையைக் குறைத்ததில் போனதைக் கணக்கிட மனசு வரவில்லை. இப்போது யாராவது வெப்சைட் செய்யப் போகிறேன் என்றால் நான் சொல்வது இதுதான். ஒப்பந்தத்தில் போன் என்று எழுதச் சொல்லுங்கள், அதிலும் முதலிலிருந்து பணம் கட்டும் வரை முழு ஆர்டரும் போனில் போக வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். காட்டும்போது அவர்கள் திரையில் பார்க்காதீர்கள், உங்கள் போனில், உங்கள் டேட்டாவில், நீங்களே ஒரு ஆர்டர் போட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். டிசைனைப் போன் அளவில் முதலில் வரையச் சொல்லுங்கள். சின்னதிலிருந்து பெரிதாக்குவது சுலபம், பெரிதைச் சின்னதாக்கும்போதுதான் எதையாவது வெட்டுவார்கள்.

மாற்றிய பிறகு ஒரே ராத்திரியில் ஆர்டர் குவியவில்லை. தேடலில் பழைய இடம் திரும்ப நாலு மாதம் ஆனது. இன்று நூறு ஆர்டரில் அறுபது போனிலிருந்து வருகிறது. போன வாரம் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார், ரொம்பக் கோபமாக. போனில் இளம்பச்சையாகத் தெரிந்த துணி, வீட்டுக்கு வந்தபோது வேறு பச்சையாக இருக்கிறதாம். நியாயமான புகார்தான், திரைக்குத் திரை நிறம் மாறுகிறது. ஆனால் ஆர்டர் போடவே முடியாத நாளில் இப்படி ஒரு புகார் வந்திருக்காதே என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கும்மா சிரிக்கிறே?" என்று இன்னும் கோபப்பட்டார். துணியின் மாதிரித் துண்டு கேட்க ஒரு பட்டன் வைத்திருக்கிறேன் இப்போது. கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில்.